பாலிலும் கறியிலும் யாராவது வேண்டுமென்றே நோயைக் கலந்தால்? நீலகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர்ப் பால் சொசைட்டியில் நான் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கால்நடை முகாம், மகளிர் குழுக் கூட்டம், காட்டேஜ் நடத்துகிறவர்கள் கூடும் கூட்டம் என்று போகிற இடமெல்லாம் இந்தக் கேள்விகள் வருகின்றன. கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன்.

மாட்டுக்கு வரும் நோய் நம் சாப்பாட்டுக்குள் எப்படி வரும்?

எல்லா மாட்டு நோயும் நமக்கு வராது. கோமாரி மாட்டைப் படுக்கவைக்கும், கறவையைக் குறைக்கும். நம்மைப் பெரிதாகத் தொடாது. கவலைப்பட வேண்டியவை வேறு. கருச்சிதைவு நோய் என்று நாம் சொல்லும் புருசெல்லோசிஸ் காய்ச்சாத பால் வழியாகவும், விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடுவதாலும் வரும். மாட்டுக் காசநோயும் பச்சைப்பால் வழியாக வரக்கூடியது. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், செத்த மாட்டை அறுப்பதாலும் அந்தக் கறியைத் தின்பதாலும் வரும். சால்மோனெல்லா கோழி, மாடு, பன்றி இவற்றின் குடலில் இருக்கும் கிருமி. சாணமோ எச்சமோ பட்ட முட்டை, கறி, பச்சைக் காய்கறி வழியாக நம் வயிற்றுக்கு வரும்.

இவை எல்லாமே யாரும் எதுவும் செய்யாமல் தாமாகவே வரக்கூடியவை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகும் நோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் எந்த எதிரியும் இருக்க மாட்டான்.

அப்படியென்றால் வேண்டுமென்றே செய்வார்கள் என்பது வெறும் பயமா?

பயம் மட்டும் இல்லை, நடந்திருக்கிறது. 1984-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிறு நகரில் திடீரென்று நூற்றுக்கணக்கானோருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. மொத்தம் 751 பேர். நல்லவேளையாக யாரும் சாகவில்லை. பக்கத்திலிருந்த ரஜனீஷ்புரம் என்ற ஆசிரம ஊரைச் சேர்ந்த சிலர், உள்ளூர்த் தேர்தலில் மக்களை ஓட்டுப் போடவிடாமல் செய்வதற்காகப் பத்து உணவகங்களில் சால்மோனெல்லாவைக் கலந்திருந்தார்கள். பெரும்பாலும் வாடிக்கையாளர் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாலட் மேசைகள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, விசாரித்தவர்கள் முதலில் சொன்ன காரணம். சமையலறை ஆட்கள் கை கழுவாததால் வந்தது என்றார்கள். உண்மை வெளியே வர ஒரு வருடம் ஆனது. அதுவும் ஆசிரமத்துக்குள்ளேயே சண்டை வந்து, அதன் தலைவரே தன் ஆட்கள்மேல் குற்றம் சாட்டிய பிறகுதான். அந்த ஒரு வருடமும் எத்தனை சமையல்காரர்கள் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்றிருப்பார்கள்!

அதற்கும் முன்னால், முதல் உலகப்போரில் ஜெர்மனியின் ரகசிய ஆட்கள் எதிரி நாடுகளுக்குக் கப்பலேறவிருந்த குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நோய்க்கிருமி கொடுத்தார்கள். கால்நடையை ஆயுதமாக்கும் புத்தி புதிதல்ல. 1972-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது.

நம்ம மலைக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது?

பெரிய நாட்டுச் சதி நம் சொசைட்டிக் கொட்டகைக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. என் கணிப்பில் இங்கே வரக்கூடியது சின்ன அளவிலான கேடு: வரப்புத் தகராறு, பாக்கிப் பணம், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கோபம், போட்டிக் கடை. அப்புறம், செத்த மாட்டுக் கறியைத் தெரிந்தே விற்பவர் இருக்கிறாரே, அவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லை, காசுக்குத்தான் செய்கிறார். சாப்பிடுகிறவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்?

நம் மலையின் அமைப்பும் ஒரு காரணம். காட்டு விலங்கும் வீட்டு மாடும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன, ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கின்றன. 2021-ல் பக்கத்துக் கோவை வனக்கோட்டத்தில் ஒரு காட்டுயானை ஆந்த்ராக்ஸால் செத்தது உறுதியானது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்தன. பின்னது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் வளர்ப்புப் பன்றிகளை வாரிக்கொண்டு போகும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் நாடுகாணி, பாட்டவயல், சோலாடி சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மாநிலம் சந்திக்கும் இடத்தில் இருக்கிறோம். சீசனில் ஊரே விருந்தாளிகளால் நிரம்புகிறது. இங்கே ஒரு கேன் பால் கெட்டால் அதைக் குடித்தவர்கள் மறுநாள் மைசூரிலும் சென்னையிலும் இருப்பார்கள்.

சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிறீர்கள், லாக்டோமீட்டர் போடுகிறீர்கள். அதில் கிருமி தெரியாதா?

தெரியாது. கொழுப்பும் எஸ்.என்.எஃபும் (கொழுப்பும் தண்ணீரும் போகப் பாலில் மிஞ்சும் சத்து) பாலுக்கு விலை போடத்தான். லாக்டோமீட்டர் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லும். நோய்க்கிருமி இருந்தாலும் பால் வெள்ளையாக, மணமாக, சரியான எண்ணோடு உங்கள் முன்னால் இருக்கும். ஆகவே கேனை யார் தொட்டார்கள், எப்போது, எங்கே வைத்தார்கள் என்பதைத்தான் காக்க வேண்டியிருக்கிறது.

சில வருடம் முன்பு ஒரு ஆடி மாதக் காலை. மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. வண்டி தாமதம். கொட்டகை வாசலில் வரிசையாக நின்ற நாற்பது லிட்டர் கேன்களில் ஒன்றின் மூடியில் நான் கட்டியிருந்த கம்பி சீல் அறுந்து தொங்கியது. மூடியைத் திறந்தேன். பால் சாதாரணமாக இருந்தது. மணத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் மூடியின் உள்விளிம்பில் சேறு ஒட்டியிருந்தது. யாரோ மூடியைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறார்கள். டீக்குக் கொஞ்சம் பால் எடுத்த பள்ளிக்கூடப் பையனாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். "கொட்டிடலாம்" என்றேன். ஒரு அக்கா அழுதேவிட்டார், அவர் வீட்டுப் பால்தான் அதில் பாதி. கேனைக் கவிழ்த்து ஓடையோரம் கொட்டினோம். நஷ்டத்தை எல்லா உறுப்பினரும் பங்கிட்டுக்கொண்டோம்.

அடுத்த வாரம் கால்நடை மருத்துவரிடம் சொன்னபோதுதான் நான் செய்த தப்பு எனக்குத் தெரிந்தது. கொட்டியிருக்கவே கூடாது. கேனை அப்படியே மூடி, தனியாக வைத்து, நேரத்தை எழுதி, அதிகாரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொட்டியதால் அது என்ன என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று. ஓடைக்குக் கீழே மாடு தண்ணீர் குடிக்கும் என்பதும் அப்போது என் தலையில் இல்லை.

இப்போது எங்கள் கொட்டகையில் நடப்பது இது. வண்டி வரும்வரை கேன்கள் பூட்டிய கதவுக்குள் இருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் எண் போட்ட சீல். எண் நோட்டில் ஏறும், குளிரூட்டும் நிலையத்தில் இறக்குபவர் அதே எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எண் மாறினால் அந்தக் கேன் மற்ற பாலோடு சேராது. இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. ஒரு கேன் தப்பானால் நாற்பது லிட்டர் போகும். அது பெரிய தொட்டியில் விழுந்துவிட்டால் பத்து ஊர்ப் பாலும் போகும்.

ஊட்டியில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும் என்கிறார்களே. இங்கே காய்ச்சின பாலை நம்பலாமா?

நல்ல கேள்வி, ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் பாஸ்டரைசேஷனுக்குத் தேவை 72 டிகிரியில் 15 நொடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம். ஆகவே பொங்கும்வரை காய்ச்சிய பால் இந்த மலையிலும் போதும். புருசெல்லா, காசநோய்க் கிருமி, சால்மோனெல்லா மூன்றும் அதில் செத்துவிடும். ஓரத்தில் நுரை வந்ததுமே இறக்கிவிடாமல், கிளறிவிட்டு முழுதாகப் பொங்கவிடுங்கள். கறிக்குக் குக்கர் நல்லது, மலையில் திறந்த பாத்திரத்தில் கறி வேக நேரம் பிடிக்கும்.

ஆனால் காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆந்த்ராக்ஸ் கிருமி வித்தாக, அதாவது கெட்டியான கூட்டுக்குள் தூங்கும் நிலைக்கு, மாறிக்கொள்ளும், சாதாரணச் சமையல் சூடு அதற்குப் போதாது. யாராவது ரசாயனம் எதையாவது கலந்திருந்தாலும் அடுப்பு அதை மாற்றாது. சந்தேகப்பட்ட பாலை "காய்ச்சிக் குடிச்சிடலாம்" என்று எடுத்துப்போகாதீர்கள்.

மாடு ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடக்கிறது. என்ன செய்வது?

தொடாதீர்கள். முதல் வேலை அதுதான். வயிறு சீக்கிரமே உப்பியிருந்து, மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் வழிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். தோலை உரிக்கவோ அறுக்கவோ கூடாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டால்தான் கிருமி வித்தாகும்; வித்தானால் அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். நாயும் நரியும் அண்டாமல் ஆள் போட்டுக் காவல் காத்து, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எரிப்பதா, ஆழமாகப் புதைப்பதா, எங்கே என்பதை அவர் முன்னிலையில் முடிவு செய்ய வேண்டும்.

பாதி விலைக்குக் கறிக்காரர் கேட்பார். நாற்பதாயிரம் ரூபாய் மாடு செத்துக் கிடக்கும்போது வரும் ஐந்தாயிரம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் மாடு செத்திருக்கிறது. இருந்தாலும் கொடுக்காதீர்கள். மாட்டைத் தொட்டவர் கையில் சில நாளில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கருத்தால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், செத்த மாட்டைத் தொட்டதைச் சொல்லிவிடுங்கள். மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாகும். சொல்லாவிட்டால் சாதாரணப் புண் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி இராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. உங்கள் பகுதியில் நோய் வந்த வரலாறு இருந்தால் மருந்தகத்தில் கேளுங்கள்.

காரட், முள்ளங்கியைப் பச்சையாகவே சாப்பிடுகிறோமே?

கழுவுங்கள், நன்றாகக் கழுவுங்கள். பாலாடாப் பக்கம் காரட் கழுவும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கீழ்நாட்டிலிருந்து லாரியில் வந்த கோழி எரு போட்ட நிலத்துக் காரட் அது. கழுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மக்காத பச்சை எரு, எலி திரியும் தொட்டி, இரவில் யாரும் பார்க்காத தண்ணீர் டேங்க் இவை மூன்றும் எனக்குக் கவலை. டேங்குக்கு மூடியும் பூட்டும் போட அதிகச் செலவில்லை. எருவை மக்கவைத்துப் போடுங்கள். அறுவடை நெருங்கும் சமயத்தில் புது எரு வேண்டாம்.

நாங்கள் காட்டேஜ் நடத்துகிறோம், சமையலறையில் நாலு பேர். நாங்களுமா பூட்டு போட வேண்டும்?

பூட்டு சின்ன விஷயம். யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்களா? சீசனில் சரக்கு கொண்டுவரும் பையன் நேராக அடுப்படிவரை வந்துவிடுகிறான், யாரும் கேட்பதில்லை. சரக்கு வாசலிலேயே இறங்கட்டும். பில் இல்லாத கறி, யார் வீட்டுக் கறவை என்று தெரியாத பச்சைப்பால் வேண்டாம். விருந்தாளிகள் தாங்களே எடுத்துச் சாப்பிடும் மேசைக்குப் பக்கத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓர் ஆள் நிற்கட்டும். தி டாலஸில் இல்லாமல் போனது அதுதான். எந்த நாள் எந்தக் கடைச் சரக்கு என்று ஒரு நோட்டு. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் அந்த நோட்டுதான் உங்கள் சமையல்காரரையும் காப்பாற்றும்.

நான் போய்ச் சொன்னால் என் பாலைத்தானே நிறுத்துவார்கள்? என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்கள்?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லலாம்.

நோயைத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009-ன்படி மாட்டுக்காரர் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ சொல்ல வேண்டும், அவர் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதை இத்தனை வருடத்தில் பார்த்துவிட்டேன். முதலில் சொன்னவருக்கு நஷ்டம், மறைத்தவருக்கு மாதச் சம்பளம் என்று இருந்தால் ஊர் எதைக் கற்றுக்கொள்ளும்? கெட்ட எண்ணத்தோடு ஒருவன் நோயைக் கலந்தாலும் அவனுக்கு உதவுவது நம் மௌனம்தான். நாலு மாடு கருச்சிதைந்ததை நாலு வீடும் தனித்தனியாக மறைத்தால், ஐந்தாவது வீட்டுக்காரருக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும்போது மருத்துவரால் எதையும் இணைத்துப் பார்க்க முடியாது.

எங்கள் சொசைட்டியில் ஒரு தீர்மானம் போட்டோம். சந்தேகத்தைத் தானே வந்து சொன்னவரின் பால் நிறுத்தப்பட்டால், முதல் பத்து நாளுக்கு அவருடைய வழக்கமான தொகையில் பாதியைப் பொதுநிதியிலிருந்து கொடுப்போம். பெரிய தொகை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்து சொல்கிறார்கள். ஒருமுறை நள்ளிரவில் கதவைத் தட்டி ஒரு தாத்தா சொன்னார்: "அம்மா, மாடு கருவைத் தள்ளிடுச்சு, நான் கையில தொடல." உங்கள் சொசைட்டியிலும் இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள், எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளியூர் ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள். அவர்கள்மேல் ஒரு கண் வைப்பது நல்லதுதானே?

இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி, புல்வெளியில் எருமை மேய்க்கும் தோடர், ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம் என்று சந்தேகம் எப்போதும் பலமில்லாதவர் தலையில்தான் விழுகிறது. ஆள் எந்த ஊர் என்பதை விட்டுவிடுங்கள். இந்த நேரத்தில் இந்த இடத்தில் அவருக்கு வேலை உண்டா என்று மட்டும் பாருங்கள். தலைவர் மகனே ஆனாலும் பூட்டிய கொட்டகைக்குள் காரணமில்லாமல் நின்றால் கேட்க வேண்டும். எங்கள் கேனின் சீலை அறுத்தவர் யார் என்று தெரியாதபோது ஊரில் மூன்று பேர் பெயர் ஓடியது, மூன்றும் ஏழைகள் பெயர்.

வாட்ஸ்அப்பில் "இந்தக் கடைப் பாலில் நோய்" என்று வந்தால் அனுப்பலாமா?

வேண்டாம். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள், குழுவில் போடாதீர்கள். பறவைக் காய்ச்சல் நேரத்தில் வதந்தியால் முட்டை விலை சரிந்து, நன்றாக வேகவைத்த முட்டையைக்கூட மக்கள் ஒதுக்கியதைப் பார்த்தோம்.

பிடிபட்டால் தண்டனை உண்டா?

உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ன்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 5 லட்சத்துக்குக் குறையாது. கொலை எண்ணம் தெரிந்தால் குற்ற வழக்கு தனி.

யாரைக் கூப்பிடுவது?

மாடு, ஆடு, கோழிக்கு 1962. மனிதருக்கு அவசரம் என்றால் 108, ஆலோசனைக்கு 104. உணவு பற்றிய புகாருக்கு 1800-11-2100. ஒரே நேரத்தில் பலருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077. யாரோ கலந்திருக்கிறார் என்று தோன்றினால் 112, அதுவரை பாத்திரத்தைக் கழுவாதீர்கள். நானே கழுவிக் கொட்டியவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கருச்சிதைவு நோய்க்கு ஊசி உண்டாமே? எங்கள் கன்றுக்குப் போடலாமா?

2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். கிடாரிக் கன்றுக்கு மட்டும், நாலு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள், வாழ்நாளில் ஒருமுறை. காளைக் கன்றுக்குக் கூடாது, சினை மாட்டுக்கும் கூடாது. எட்டு மாதம் தாண்டினால் போட மாட்டார்கள், அதனால் கன்று பிறந்த தேதியைத் தொழுவச் சுவரிலேயே கரியால் எழுதி வையுங்கள். ஊசி போடும்போது காதில் 12 இலக்க எண் உள்ள தோடு மாட்டுவார்கள். அந்த எண்ணை சொசைட்டி நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஏற்றச் சொல்லுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் கன்றையே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வேண்டாம், எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தால் போதும்.